மேட் ஸ்பிரே பட்டதும் பாஸ்டல் தூள் மறைகிறது, அடிக்காவிட்டால் கையோடு வருகிறது: தூளை நிறுத்த என்ன வழி?

கரூ25 (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். 1:87 அளவில் தென்னாப்பிரிக்க ரயில் மாடல்கள், ஒரு 25என்சி நீராவி எஞ்சினும் ஆறு வேகன்களும், கையில் இருக்கின்றன. ஓடிப் பழகிய அழுக்கும் துருவும் அவற்றில் தெரிய வேண்டும். வேகன்களில் மூன்று நிலக்கரி, மூன்று சிஷென்–சல்தான்யா பாதையின் இரும்புத்தாது. (இரண்டும் ஒரே வண்டியில் ஓடாது என்று தெரியும், அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.) எல்லாமே 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுபவை. அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும் இல்லை, கை படும்.

பெயின்ட் டாமியா அக்ரிலிக். அதன்மேல் பளபள வார்னிஷ், டெக்கல் (ஒட்டும் எழுத்து, சின்னம்), மேட் (மினுமினுப்பில்லாத) வார்னிஷ். பிறகு மென்மையான பாஸ்டல் குச்சியை பிளேடால் சுரண்டி, தூளைத் தூரிகையால் வைத்தது. சோதனைத் துண்டுகளில் தெரிந்தது இது:

எதுவும் அடிக்காமல் விட்டால் விரல் பட்ட இடம் துடைத்தது போல ஆகிறது. டப்பா ஸ்பிரே மேட் வார்னிஷ் அடித்தால், கொதிகலன் பக்கவாட்டில் இழுத்த வெள்ளைச் சுண்ணாம்புக் கறையும் வெளிறிய கரூ (உள்நாட்டு வறண்ட நிலம்) மண் தூசியும் முழுக்க மறைந்துவிடுகின்றன. துரு நிறம் மட்டும் நிற்கிறது, அதுவும் ஒரு படி கருத்துவிடுகிறது. டர்ப்ஸ் (பெயின்ட் கரைப்பான்) தொட்டு நனைத்தால் நிறம் நிற்கிறது, ஆனால் காய்ந்ததும் ஓரத்தில் வளையம் வளையமாகக் கோடு. போதாக்குறைக்கு, டர்பனில் கோடையான இந்த ஜனவரிப் புழுக்கத்தில் ஸ்பிரே அடித்த ஒரு வேகன் பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடக்கிறது.

வெள்ளை ஏன் மறைகிறது? எதை எங்கே பயன்படுத்துவது? தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே போதும் என்கிறார்களே, அது சரிப்படுமா?

---

தடம்64 (லெனேசியா)

தம்பி, முதலில் வெள்ளை மறைகிற கதை. அது புரிந்தால் மற்றதில் பாதி தானாகவே விளங்கும்.

வெள்ளைத் தூள் வெள்ளையாகத் தெரிவது, துகளுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் பெரிய வித்தியாசம் இருப்பதால். காற்று 1. மலிவான பாஸ்டலில் வெளிர் நிறங்களுக்கு அடிப்படை சுண்ணாம்புத் தூள், சுமார் 1.6. அக்ரிலிக் வார்னிஷ் 1.5 பக்கம். துகள்களுக்கு நடுவே இருந்த காற்றை வார்னிஷ் நிரப்பியதும் வித்தியாசம் ஏறக்குறைய போய்விடுகிறது. ஒளி சிதறாமல் நேரே உள்ளே போகிறது, அடியில் உள்ள கறுப்புப் பெயின்ட்தான் கண்ணுக்குத் தெரிகிறது. தூள் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணாடி போல ஆகிவிட்டது, அவ்வளவுதான். துருச் சிவப்பு இரும்பு ஆக்சைடு, சுமார் 3. அதனால் வார்னிஷுக்குள்ளும் நிற்கிறது, கொஞ்சம் கருக்கிறது.

டைட்டேனியம் வெள்ளை 2.6, 2.7 அளவு. அது வார்னிஷுக்குள் மறையாது. ஆகவே 25என்சி-யின் சுண்ணாம்புக் கறைக்குச் சுண்ணாம்பையே போடாதே. ஓவியக் கடையில் நிறமித் தூளாகவோ நல்ல பாஸ்டலாகவோ வாங்கும்போது லேபிளில் நிறமி எண்ணைப் பார். பிடபிள்யூ6 என்றால் டைட்டேனியம். பிடபிள்யூ18 என்றால் சுண்ணாம்பு, அதை விட்டுவிடு. துருவுக்கு பிஆர்101, மண் மஞ்சளுக்கு பிஒய்42 அல்லது பிஒய்43, பழுப்புக்கு பிபிஆர்7. பள்ளிக்கூட டப்பாக்களில் எண்ணே இருக்காது. அவற்றில் கருத்த நிறங்களை நம்பலாம், வெளிர் நிறங்களை நம்ப முடியாது.

சுத்த டைட்டேனியம் நீலம் பாய்ந்த வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். எட்டுப் பங்குக்கு ஒரு பங்கு மண் மஞ்சள் கலந்தால் கொதிகலன் தண்ணீர் காய்ந்த நிறம் வரும். கரூ தூசிக்கும் இதே வழி. பழுப்பும் மஞ்சளும் கலந்த தூளை வெளிற வைக்க டைட்டேனியம்தான், சுண்ணாம்பு வேண்டாம். கறையை எங்கே வைப்பது என்பதையும் யோசி. கொதிகலனைக் கழுவத் திறக்கும் அடைப்பான்கள், பாதுகாப்பு வால்வு, தண்ணீர் உள்ளே போகும் வால்வு ஆகியவற்றின் கீழ் மட்டும், நேர் கீழாக. கொதிகலன் முழுக்க வரி வரியாக இழுத்தால் வரிக்குதிரை.

வார்னிஷ் அடித்தபின் நிறம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது. அதே நிறப் பெயின்ட் அடித்த ஒரு துண்டில் தூளை வைத்து, வாசனையற்ற டர்ப்ஸால் நனை. ஈரமாக இருக்கும்போது தெரிகிற நிறம்தான் ஏறக்குறைய வார்னிஷுக்குப் பிறகு வரப்போகும் நிறம். டர்ப்ஸின் எண் 1.44 பக்கம், வார்னிஷுக்கு அருகில். ஈரத்தில் மறைகிற தூள் வார்னிஷிலும் மறையும். ஈரத்தில் சரியாகத் தெரியும்வரை கலவையை மாற்று.

எதை எங்கே என்று கேட்டாயே. கை படும் இடம், படாத இடம் என்று எஞ்சினை மனதில் பிரித்துக்கொள். கூரை, பக்கவாட்டு விளிம்பு, டெண்டரின் (எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரி, தண்ணீர் சுமக்கும் பெட்டி) மேல் ஓரம், தூக்கும்போது பிடிக்கிற இடம் எல்லாவற்றுக்கும் வார்னிஷ். அடிச்சட்டம், போகி (சக்கரங்கள் பொருந்திய சட்டம்), வேகனின் உட்புறம், படிக்கட்டுக்குப் பின்னால் எல்லாம் டர்ப்ஸ் அடிப்படையிலான பிக்மென்ட் ஃபிக்ஸரே (தூளைப் பிடித்து நிறுத்தும் திரவம்) போதும். முழு மாடலுக்கும் ஒரே பூச்சு என்று தேடினால் எதுவும் திருப்தி தராது.

ஒன்றை நினைவில் வை: வெறும் டர்ப்ஸ் ஒட்டாது. அது தூளை மேட் பரப்பின் சொரசொரப்புக்குள் இழுத்து அமுக்கிவிட்டு ஆவியாகிப் போய்விடுகிறது. விரல் அழுத்தித் தேய்த்தால் வரும். கடையில் விற்கிற ஃபிக்ஸரில் கொஞ்சம் பிசின் இருக்கும், அதனால்தான் கூடுதல் பிடிப்பு. வீட்டில் செய்வதானால் ஹம்ப்ரால் 49 மேட் எனாமல் (எண்ணெய் அடிப்படை வார்னிஷ்) 1 பங்கு, டர்ப்ஸ் 15 பங்கு. அடியில் படிந்த வெள்ளைக் களிம்பை நன்றாகக் கிளறி எடு, மேட் தன்மை அதில்தான் இருக்கிறது. 1-க்கு 5 என்று கெட்டியாக்கினால் பிடிப்பு கூடும், ஆனால் பளபளப்புத் திட்டும் கருமையும் வந்துவிடும்.

---

பீனிக்ஸ்தூரிகை (டர்பன், பீனிக்ஸ்)

தடம் அண்ணா சொன்ன நிறமிக் கணக்கு சரி. வளையமும் வெளுப்பும் எங்கள் கடற்கரைத் தொல்லை, அதை நான் சொல்கிறேன்.

முதலில் அடிப்பரப்பு. மேட் வார்னிஷ் போட்டிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அக்ரிலிக் அல்லது லாக்கர் என்றால் ஒரு நாள், எனாமல் என்றால் டர்பன் ஈரத்தில் மூன்று நாள். அரைகுறையாகக் காய்ந்த எனாமல்மேல் டர்ப்ஸ் ஃபிக்ஸர் வைத்தால் பெயின்ட்டே கரைந்து தூளோடு சேறாகும். பிளேடால் சுரண்டினால் தூளில் குருணை நிற்கும். 1:87-இல் ஒரு குருணை தேங்காய் அளவுக்குத் தெரியும். 400 எண் உப்புத்தாளில் குச்சியைத் தேய்த்து, பழைய நைலான் காலுறையைச் சின்னக் கிண்ணத்தின் மேல் இழுத்துக் கட்டிச் சலித்துக்கொள்ளுங்கள். ஆயில் பாஸ்டல் வேண்டவே வேண்டாம், அது மெழுகு, தூளாகவும் வராது, மேலே எதுவும் ஒட்டவும் ஒட்டாது. சலிக்கும்போது எஃப்எஃப்பி2 முகமூடி போடுங்கள். பழுப்பு அம்பரில் மாங்கனீசு இருக்கிறது, சில மஞ்சள், சிவப்பு பாஸ்டல்களில் காட்மியமும் இருக்கும். மாடல்மேல் விழுந்த அதிகத் தூளை வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி பட்டால் அந்த இடம் தனிக் கறையாக நிற்கும். ரப்பர் குமிழ் ஊதி போதும்.

இனி வளையம். ஃபிக்ஸர் துளியின் ஓரம் முதலில் காய்கிறது. உள்ளே இருக்கிற திரவம் ஓரத்தை நோக்கி ஓடும்போது நுண்ணிய தூளையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே கொட்டுகிறது. அதுதான் கோடு. தூரிகையால் தடவுவதாலும் வரும், துளித்துளியாக அங்கங்கே வைப்பதாலும் வரும். ஆகவே ஒரு பலகத்தை முழுக்க ஒரே முறையில் நனைக்க வேண்டும். வேகன் பக்கச் சுவரில் இரண்டு விலாக்களுக்கு (செங்குத்துத் தாங்கு பட்டைகளுக்கு) நடுவே உள்ள பகுதி ஒரு பலகம். அங்கே திரவம் தானாகவே விலாவில் நின்றுவிடும், கோடு விழுந்தாலும் விலா நிழலில் மறையும். வேகனைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். 0 எண் தூரிகையில் ஃபிக்ஸர் எடுத்து, தூள் இல்லாத மூலையில் தொட்டுக்கொண்டு நில்லுங்கள், அது தானாக ஊறிப் பரவும். தூரிகை தூளைத் தொடவே கூடாது. கொதிகலன் போல எல்லையே இல்லாத வளைவில், ஈரத்தின் ஓரம் காய்வதற்குள் சுத்தமான டர்ப்ஸ் மட்டும் உள்ள இன்னொரு தூரிகையால் ஓரத்தைத் தொட்டு வெளிப்பக்கமாக நீர்க்கச் செய்யுங்கள். ஏற்கெனவே விழுந்த வளையத்தையும் இதே முறையில் மறுபடி நனைத்துக் கலைக்கலாம். பிசின் கலந்த ஃபிக்ஸர் என்றால் ஓரிரு மணிக்குள் செய்துவிட வேண்டும்.

ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை ஃபிக்ஸராகப் பயன்படுத்தச் சொல்கிற குறிப்புகள் கிடைக்கும். உங்கள் பெயின்ட் டாமியா அக்ரிலிக், அது எத்தனை மாதம் காய்ந்தாலும் ஆல்கஹாலில் கரையும். மேலே உள்ள வார்னிஷ் அக்ரிலிக்காக இருந்தால் அதுவும் காப்பாற்றாது. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்கும் இதே கதைதான், கூடவே அதில் உள்ள சாயம் வெளிர் தூளில் தங்கிவிடும்.

வெளுப்பு இரண்டு வகை. பார்வைக்கு ஒன்று போலத் தெரியும், மருந்து வேறு.

ஒன்று, ஈரம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் உள்ள நீர் அதில் படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஏசி அறையில் 20 டிகிரியில் இருந்த வேகனை வெளித் திண்ணைக்குக் கொண்டுபோய் அடித்தால் நிச்சயம் வெளுக்கும், ஏனென்றால் கோடையில் இங்கே வெளிக்காற்றின் பனிநிலையே (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 20 டிகிரிக்கு மேல் போகும். பிளாஸ்டிக் ஏற்கெனவே வியர்த்திருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. மாடலையும் டப்பாவையும் அடிக்கப் போகிற இடத்திலேயே ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டு அடியுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் என்றால் அன்றைக்கு வேண்டாம். ஈரப்பதமானி ஒன்று வாங்குவது ஒரு வேகனை இழப்பதைவிட மலிவு. ஜூன், ஜூலையில் எல்லா வார்னிஷ் வேலையையும் சேர்த்து முடித்துக்கொள்வது இங்கே நல்ல வழக்கம்.

இரண்டாவது, மேட் தூள். மேட் வார்னிஷில் மினுமினுப்பைக் கொல்வது நுண்ணிய சிலிக்கா. டப்பாவைச் சரியாகக் குலுக்காவிட்டால் ஒரு நேரம் வெறும் பிசின் வரும், ஒரு நேரம் சிலிக்காவே கொட்டும். டப்பாவுக்குள் இருக்கும் பந்தின் சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து முழு இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். ஒரே இடத்தில் கனமாக அடித்தாலும் இடுக்கில் சிலிக்கா வெள்ளையாகத் தேங்கும்.

அடிக்கும் முறை: 25 முதல் 30 செ.மீ. தூரம். ஸ்பிரேயை மாடலுக்கு வெளியே தொடங்கி, மாடலைத் தாண்டியபின் நிறுத்துங்கள். முதல் சுற்று பட்டதா படவில்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மட்டும். அது தூளைப் பூட்டும். பத்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று, நான்கு சுற்று போதும். முதல் சுற்றிலேயே ஈரமாக அடித்தால் தூள் மிதந்து ஓடிவிடும், டப்பாவின் காற்றே அதைத் தள்ளிக்கொண்டும் போகும். ஏர்பிரஷ் இருந்தால் 0.3 மி.மீ. முனை, 1 பாருக்குள் அழுத்தம், 15 செ.மீ. தூரம். டப்பாவைவிட எவ்வளவோ மென்மை.

---

மாரிட்ஸ்பர்க்மணல்

நிறமிப் பகுதியில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எல்லாரும் வார்னிஷோடு முடித்துவிட்டீர்கள். வார்னிஷ் கடைசி அடுக்காக இருந்தால் மாடல் செத்துப்போகும், ஒரே மாதிரி மந்தமான தோல். தூசி தூசியாகத் தெரிய வேண்டுமானால் மேலே கொஞ்சம் பூட்டப்படாத தூள் இருந்தே ஆக வேண்டும். தூள், மெல்லிய வார்னிஷ், மறுபடி தூள், மறுபடி மெல்லிய வார்னிஷ், கடைசியாகக் கை படாத இடங்களில் மட்டும் கொஞ்சம் தூள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மெல்லிய வார்னிஷ் காய்ந்தபின் பரப்பு இன்னும் சொரசொரப்பாக இருக்கும், அடுத்த தூள் முதல் தூளைவிட நன்றாகப் பிடிக்கும்.

ஹேர் ஸ்பிரே: காட்சிப் பெட்டிக்குள் இருக்கிற மாடலுக்கு அவசரத்துக்கு ஆகும். ஓடுகிற மாடலுக்கு ஆகாது. அதன் பிசின் தண்ணீரில் கரைவது. டர்பன் ஈரத்தில் மெலிதாகப் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், வீட்டுத் தூசியை இழுக்கும். பளபளப்பு வேறு. ஓவியர்கள் பாஸ்டலுக்கு அடிக்கிற ஃபிக்ஸேட்டிவ் அதைவிட மேல், ஆனால் அது காகிதத்துக்கானது, பிடிப்பு குறைவு. பலவற்றில் கரைப்பான் ஆல்கஹால்தான், பீனிக்ஸ் அக்கா சொன்ன எச்சரிக்கை அங்கேயும் பொருந்தும்.

எஞ்சின் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதை யாரும் சொல்லவில்லை. கறுப்புத் தூளில் பிபிகே11 என்று இருந்தால் அது மேக்னடைட், காந்தம் இழுக்கும். அடிச்சட்டத்தில் தளர்வாக விட்டால் மோட்டார் காந்தம் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். எஞ்சினுக்குக் கார்பன் கறுப்பு, பிபிகே7. நிலக்கரி வேகனின் உட்புறத்துக்கும் அதுவே. பென்சில் கிராஃபைட் தூள் உலோகப் பளபளப்புக்கு அழகுதான், ஆனால் மின்சாரம் கடத்தும். சக்கரத்தின் காப்பு வளையத்திலோ மின் எடுப்பான் பக்கத்திலோ போனால் குறுக்குச்சுற்று. இணைப்புக் கொக்கி முகத்தோடும் கைப்பிடியோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இயங்கும் தண்டுகளுக்கு வார்னிஷ் கூடவே கூடாது. மூட்டில் பிசின் போய்க் காய்ந்தால் சக்கரம் தத்தும். தூளில் ஒரு சொட்டு டர்ப்ஸ் விட்டுக் களிம்பாக்கி, தண்டின் முகத்தில் மட்டும் வைத்து, காய்ந்ததும் விரலால் துடைத்தால் போல்ட் தலையைச் சுற்றி மட்டும் அழுக்கு நிற்கும், அது போதும். டர்ப்ஸை அடிச்சட்டக் கொக்கிகளிலும் அச்சு செருகிய இடத்திலும் ஓடவிடாதீர்கள். இழுவிசையில் இருக்கிற பிளாஸ்டிக்கில் அது ஊறினால் சில மணி கழித்து மயிரிழை விரிசல் விடும், போகி தட்டென்று உடையும்.

இரும்புத்தாது வேகனுக்கு நான் வார்னிஷே பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தாது ஹேமடைட். அதே இரும்பு ஆக்சைடு தூளை ஃபிக்ஸரில் குழைத்து உட்புறத்தில் தடவி, காய்வதற்குள் மேலே உலர்ந்த தூள் தூவினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெளிப்புறம் கை படும் மேல் விளிம்புக்கு மட்டும் ஏர்பிரஷ் மேட். சிவப்பு கருத்தாலும் அங்கே உறுத்தாது.

---

கரூ25 (டர்பன்)

நன்றி அண்ணா, அக்கா. மூன்று கேள்வி மிச்சம். வெளுத்துப்போன வேகனை மீட்க முடியுமா? எஞ்சின் அறைக் கண்ணாடியை என்ன செய்வது? ஜோகன்னஸ்பர்கில் காற்று உலர்ந்திருக்குமே, அங்கே உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் அடித்தால் தொல்லை தீருமா?

---

பீனிக்ஸ்தூரிகை (டர்பன், பீனிக்ஸ்)

வேகன்: முதலில் வெளுத்த ஓரத்தில் ஒரு சொட்டு டர்ப்ஸ் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் வெளுப்பு மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அந்தத் தோலுக்குள் நுண் இடைவெளிகள் இருக்கின்றன என்று அர்த்தம், நிரப்பினால் தெளியும். இடுக்கில் மட்டும் வெள்ளையாகத் தேங்கியிருந்தால் சிலிக்கா. பரப்பு முழுக்க சீராக மூட்டமாக இருந்தால் ஈரம். ஈரம் என்றால், வார்னிஷ் லாக்கர் வகையாக இருக்கும்பட்சத்தில், மெதுவாகக் காயும் லாக்கர் தின்னரை (மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போல) ஏர்பிரஷில் பனி போல ஒரு சுற்று மட்டும். தோல் மறுபடி இளகி நீர் வெளியேறும். சொட்டும் அளவுக்கு அடித்தால் அடியில் உள்ள அக்ரிலிக்கும் சேர்ந்து இளகும். சிலிக்கா என்றால் தின்னர் உதவாது. மெல்லிய பளபள வார்னிஷ் ஒரு சுற்று, ஒரு நாள் காய விட்டு, பிறகு நன்றாகக் குலுக்கிய மேட். இரண்டு வழியிலும் பழைய வெளிர் தூள் திரும்பாது, டைட்டேனியம் கலவையை மேலே புதிதாக வைக்க வேண்டும்.

கண்ணாடியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் மறைப்புத் திரவம். மேட் பனி ஒரு முறை பட்டாலும் கண்ணாடி பால் கண்ணாடிதான்.

---

தடம்64 (லெனேசியா)

ஜோகன்னஸ்பர்க் பற்றி (லெனேசியா அதன் பக்கம்தான்): வெளுப்புத் தொல்லை குளிர்காலத்தில் இங்கே இல்லை, அதற்குப் பதில் வேறு ஒன்று. காற்று அவ்வளவு உலர்வு, ஊரும் 1,700 மீட்டர் உயரம். 30 செ.மீ. தூரத்தில் அடித்தால் துளி பாதி வழியிலேயே காய்ந்து மணலாக வந்து விழும், உப்புத்தாள் போல ஆகும். இங்கே 20 செ.மீ., ஏர்பிரஷில் அடிப்பவர்கள் பத்துக்கு ஒரு பங்கு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்துக்கொள்வது. பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரமும் ஏறும், தூள் நீ வைத்த இடத்தில் நிற்காமல் விளிம்புகளுக்குத் தாவும். தூள் வைக்கும் முன் ஈரத் துணியால் மாடலை ஒற்றி எடுத்தால் அடங்கும். குளிர்ந்த காலையில் டப்பாவின் அழுத்தம் குறைந்து துப்பும். 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, துடைத்துவிட்டு அடி. கொதிநீர் வேண்டாம், டப்பா வெடிக்கும்.

தூள் வைத்துப் பூட்டாத மாடலை ஆறு மணி நேரம் காரில் என்3 சாலையில் கொண்டுவராதே. ஹாரிஸ்மித் தாண்டுவதற்குள் பாதித் தூள் பெட்டியின் பஞ்சில் இருக்கும். பெயின்ட், டெக்கல், அடி மேட்டோடு கொண்டுவா. தூள் வைப்பது, பூட்டுவது இரண்டையும் இங்கேயே செய்.